பக்கத்து சீட்டு பிரேக்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்மணி ஒரு புதன்கிழமை காலையில் டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலானார். மதியத்துக்குள் செய்தி மார்க்கெட் வரை போய்விட்டது. பலர் நம்பவில்லை. நம்பியவர்களும், டெஸ்ட் எடுத்த ஆய்வாளருக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. அவர் நிஜமாகவே ஃபெயிலானார். அது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் ஐந்து கார்களின் கதை தெரிய வேண்டும்.

ஐந்தும் ஒரே கார்தான் என்றும் சொல்லலாம். பின்கதவு மேலே திறக்கிற அந்தச் சின்னக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒன்றாவது நிற்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை கம்பெனி அதை உடைத்து வார்க்கும். பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்றாக ஐந்தையும் வாங்கி, கூரையில் பயிற்சிப் பள்ளி போர்டை மாட்டி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை ஓட்டியவர் அவர். அவருக்கு ஊர் வைத்த பெயர் பிரேக்கம்மா. கார்களுக்கு அவர் வைத்த பெயர்கள் டப்பா, உருண்டை, நெட்டை, ஊமை, வாயாடி.

டப்பா வந்த காலத்தில் அவர் அந்தப் பயிற்சிப் பள்ளியில் போன் எடுக்கிற வேலையில் இருந்தார். லைசென்ஸ் வாங்கிய மை காயவில்லை. கற்றுக்கொள்ள வந்த பெண்கள் சிலர், பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொல்ல, முதலாளி இரண்டு நிமிடம் தலையைச் சொறிந்துவிட்டு, "நீ போய் உக்காரும்மா. பயந்தா மட்டும் வெளிய காட்டிக்காதே" என்று சொல்லிவிட்டார். பயிற்றுநருக்கு அவர் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

டப்பா பெயருக்கேற்ற டப்பா. நாலு மூலை, இரும்பு பம்பர், நாலு கியர். குளிர்காலத்தில் சோக்கை இழுத்துக்கொண்டு கெஞ்ச வேண்டும். கண்ணாடி இறக்கும் கைப்பிடி சில நாள் கையோடு வந்துவிடும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவது பீரோவை நகர்த்துவது மாதிரி; பார்க்கிங் வகுப்பு முடிந்தால் கற்றுக்கொள்கிறவர் தோளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். ஆனால் அதில் ஓட்டக் கற்றவர் உலகத்தில் எதையும் ஓட்டலாம் என்று பிரேக்கம்மா இன்றும் அடித்துச் சொல்வார்.

அதில் பயிற்றுநருக்கென்று தனி பிரேக் கிடையாது. ஆபத்தென்றால் ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். முதல் மாதத்திலேயே ஒரு தையல்காரர் டப்பாவைக் கொண்டுபோய் ஒரு மின்கம்பத்தில் மெதுவாகச் சாய்த்தார். பம்பரை நிமிர்த்த வந்த மெக்கானிக், சேதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து சீட்டைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு பெரிய வண்டிய கையால பிடிச்சு நிறுத்தறீங்களா? இது என்ன குடையா?" என்று கேட்டார். மறுநாள் ஒரு பழைய இரும்புக் கட்டிலின் காலை அறுத்து, அதைத் தண்டாக வைத்து, ஓட்டுநர் பக்கத்து கிளட்ச்சையும் பிரேக்கையும் இந்தப் பக்கத்து இரண்டு பெடல்களோடு இணைத்துக் கொடுத்தார். இடது பெடல் கிளட்ச், வலது பெடல் பிரேக். ஆக்சிலரேட்டர் கிடையாது. வேகம் கற்றுக்கொள்கிறவர் பாடு; நிறுத்துவதுதான் இவர் வேலை.

அந்த பிரேக்கை இறுக்கிக் கொடுக்க மெக்கானிக் வாரம் ஒருமுறை வந்தார். பிரேக்குக்கு அவ்வளவு கவனிப்பு தேவையில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் கல்யாணம். தனக்கு மாப்பிள்ளை பார்த்தது டப்பாதான் என்று பிரேக்கம்மா சொல்வார். அதைச் சொல்லும்போதெல்லாம் மெக்கானிக் ஏதாவது ஒரு ஸ்பானரைத் தேடப் போய்விடுவார்.

உருண்டை வந்தபோது முதலாளிக்குத் தள்ளாமை வந்திருந்தது. போர்டையும் போன் நம்பரையும் பிரேக்கம்மா கையிலேயே கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். "உன்னை நம்பித்தானே எல்லாரும் வர்றாங்க, எனக்கெதுக்கு நடுவுல?" என்றாராம். உருண்டைக்கு மூலைகள் மழுங்கி, பிளாஸ்டிக் பம்பர் வந்து, ஐந்தாவது கியரும் வந்தது. பயிற்சி வண்டியில் அந்த கியரை ஒருவரும் தொட்டதில்லை. அது அலங்காரத்துக்கு இருந்தது. மகள் வயிற்றிலிருந்த காலம் அது. வயிறு டேஷ்போர்டைத் தொடும்வரை வகுப்பெடுத்தார். அந்த மாதங்களில் கற்றுக்கொண்டவர்கள் யாரும் ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை. வேறெந்தக் காலத்திலும் இவ்வளவு பதமாக ஓட்டிய மாணவர்கள் தனக்கு அமைந்ததில்லை என்பார்.

பேக்கரியில் ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிற ஒரு இளைஞர் கற்றுக்கொண்டதும் உருண்டையில்தான். எதைப் பார்த்தாலும் ஹாரன் அடிப்பார். காலி ரோட்டில் அடிப்பார், சுவரைப் பார்த்து அடிப்பார். பிரேக்கம்மா அவருக்கு ஹாரன் என்றே பெயர் வைத்துவிட்டார். அந்த ஹாரன் பிறகு லாரி ஓட்டி, வாடகைக் கார் ஓட்டி, கடைசியில் பிரேக்கம்மாவின் பள்ளிக்கு நேர் எதிரே, அதே தெருவில், அதே ரகக் காரை வைத்துச் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார்.

நெட்டைக்குக் கூரை உயர்ந்தது, ஸ்டியரிங் வெண்ணெயானது. தரையின் அமைப்பு மாறிப்போனதால் கட்டில் கால் தண்டு போகவில்லை. மெக்கானிக் கேபிள் போட்டார். முதலில் கேபிள் தொளதொளவென்று இருந்தது. "உங்க பிரேக் யோசிச்சுட்டுத்தான் பிடிக்குது" என்று பிரேக்கம்மா சொன்னதில் அவருக்கு ரோஷம் வந்து, இரண்டு ராத்திரி சாப்பாட்டைக்கூட ஒர்க்‌ஷாப்புக்கு வரவழைத்துச் சரிசெய்தார். ஊமை வந்தபோது வேறு பிரச்சினை. சிக்னலில் நின்றால் அதன் என்ஜின் தானாக அணைந்துவிடும், கிளட்ச்சை மிதித்தால் தானாக உயிர் வரும். வண்டியைத் தாங்கள்தான் அணைத்துவிட்டதாக நினைத்து ஒவ்வொரு சிக்னலிலும் கற்றுக்கொள்கிறவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ரிட்டயரான வங்கி மேனேஜர் ஒருவர் காரிடமே மன்னிப்புக் கேட்டார்.

எந்தக் கார் வந்தாலும் மாறாதது பிரேக்கம்மாவின் வலது கால். இடது பெடலுக்குப் பக்கத்தில், வலது பெடலின் மேல், ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி விட்டு அது மிதந்துகொண்டிருக்கும். குறுக்கே யாராவது வந்தால் ஒரு கண் இமைக்கும் நேரம் காத்திருப்பார். கற்றுக்கொள்கிறவர் தானே பிடிக்கட்டும் என்று. பிடிக்காவிட்டால் அவர் கால் இறங்கும். மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் காரில் போகும்போதும் கால் அதே வேலையைச் செய்யும். மாமியார் மிதித்து மிதித்து அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது என்று மாப்பிள்ளை எல்லாரிடமும் காட்டுவார்.

கடைசியில் வாயாடி வந்தது. கோட்டைத் தாண்டினால் கத்தும், பெல்ட் போடாவிட்டால் கத்தும், பின்னால் பூனை உட்கார்ந்திருந்தால்கூடக் கத்தும். அதைவிடப் பெரிய மாற்றம், அதில் கிளட்ச் கிடையாது. கியர் மாற்ற வேண்டாம். ஓட்டுநர் காலடியில் இரண்டே பெடல்கள்: இடது பக்கம் பிரேக், வலது பக்கம் ஆக்சிலரேட்டர்.

எதிர்ப் பள்ளி ஹாரன் அதை முதலில் வாங்கி, 'புது மாடல், கிளட்ச் இல்லை, கவலை இல்லை' என்று போர்டு வைத்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தெருவைக் குறுக்கே கடக்க ஆரம்பித்தார்கள். பிரேக்கம்மா கொஞ்ச காலம் வீம்பாக ஊமையையே ஓட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் தானும் வாயாடியை வாங்கினார். இந்த முறை மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஒரு பெடல் பொருத்தினால் போதும். பாதி வேலைக்காரனாகிவிட்டேன் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அதிலிருந்து தெருவில் பிரேக்கம்மாவும் ஹாரனும் நேருக்கு நேர் பார்த்தாலும் வணக்கத்தோடு சரி.

பிரேக்கம்மாவுக்கு அறுபது முடிந்தது. பயிற்றுநர் பர்மிட் வைத்திருப்பவர், அறுபது தாண்டினால், தான் கற்றுக்கொடுக்கும் வண்டியிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் பர்மிட் போய்விடும், பள்ளியை மூட வேண்டியதுதான். இதை ஒரு சடங்காகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், அவர் ஸ்டியரிங் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. காலையில் வண்டியை வெளியே எடுத்து வைப்பது மெக்கானிக். பிறகு நாள் முழுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டுவார்கள். சாயங்காலம் கடைசி மாணவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவார். ஆனால் யாரும் அதை யோசித்துப் பார்க்கவில்லை.

டெஸ்ட் மைதானத்தில், மடியில் சாப்பாட்டுப் பையோடு ஆய்வாளர் பக்கத்து சீட்டில் ஏறினார். பிரேக்கம்மாவின் மாணவர்கள் எத்தனையோ பேரைப் பாஸாக்கியவர். "என்ன மேடம், நீங்க என்னை டெஸ்ட் பண்ற மாதிரி இருக்கு" என்று கூச்சத்தோடு சிரித்தார். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில், சைக்கிளில் தண்ணீர் கேன்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தார்.

பிரேக்கம்மா, எப்போதும் போல, ஒரு கண் இமைக்கும் நேரம் காத்திருந்தார். பிறகு, எப்போதும் போல, இரண்டு பெடல்களில் வலது பக்கத்துப் பெடலை ஓங்கி மிதித்தார்.

வாயாடி பாய்ந்தது. சாப்பாட்டுப் பை கீழே உருள, ஆய்வாளர் தன் காலடியில் இருந்த ஒற்றைப் பெடலை இரண்டு காலாலும் மிதித்தார். கார் குலுங்கி நின்றது. ஒரு கேன் மட்டும் பயத்தில் விழுந்தது போலத் தானாக விழுந்து உருண்டது. சைக்கிள்காரர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். "அம்மா, நீங்களா?" என்றார்.

அதுதான் ஊர் முழுக்கப் போன செய்தி.

மெக்கானிக் வந்து வண்டியை வீட்டுக்கு ஓட்டினார். பாதி வழிக்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. "பிரேக் நல்லா பிடிச்சுதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகச் சாயங்காலம் வரை பிரேக்கம்மா அவரோடு பேசவில்லை. சைக்கிள்காரரின் முகம் கண்ணை விட்டுப் போக மறுத்தது. தனக்கு வயதாகிவிட்டதா, புத்தி தடுமாறுகிறதா என்று அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். சுவரோரம் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தரையில் மிதித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பக்கத்து சீட்டில் காலத்துக்கும் இரண்டு பெடல். அதில் வலது பிரேக். புதுக் காரிலும் இரண்டு பெடல். கண் இரண்டைப் பார்த்தது, கால் தனக்குத் தெரிந்த பக்கம் போனது. டப்பாவிலோ ஊமையிலோ ஓட்டுநர் சீட்டில் மூன்று பெடல் இருந்ததால் இப்படிக் குழம்ப வழியே இருந்திருக்காது.

இரவு சாப்பாடு போடும்போது கணவரிடம், "பிடிச்சுது. ரொம்ப நல்லா பிடிச்சுது. இல்லேன்னா அந்த மனுஷன் இன்னைக்கு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். கணவர் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

மகள் போனில், "போதும்மா. இனியாவது காலை நீட்டி உக்காரு" என்றாள்.

"காலை நீட்டி நீட்டித்தான்டி இந்த நிலைமை" என்றார் பிரேக்கம்மா.

மறுநாள் காலையில் எதிர்ப் பள்ளி ஹாரன் தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்றார். கேலி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்து மெக்கானிக் எழுந்தே விட்டார். ஹாரன் அவரைப் பார்க்காமல் நேராக பிரேக்கம்மாவிடம் பேசினார்.

"அக்கா, சாவியை எடுத்துட்டு வாங்க. சந்தை மைதானம் காலியா இருக்கு."

"எதுக்கு? நான் மூடிட்டா உனக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா ஊர்ல என்ன சொல்லுவாங்க? பிரேக்கம்மாகிட்ட கத்துக்கிட்டவன்னு சொல்லித்தான் எனக்கு ஆளே வருது. நீங்க ஃபெயிலானா நானும் ஃபெயில்."

பிரேக்கம்மா சாவியை எடுத்துக்கொண்டார்.

மைதானத்தில் ஹாரன் போட்ட முதல் உத்தரவு, ஆக்சிலரேட்டரைத் தொடக்கூடாது என்பது. வாயாடிக்கு ஒரு குணம்: பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும், நடைவேகத்தில் தானாக ஊர்ந்து போகும். அப்படியே ஊர விட்டு, நான் சொல்லும்போது நிறுத்துங்கள், அவ்வளவுதான் இந்த வாரம் முழுக்க என்றார். இடது பக்கத்துப் பெடல்தான் பிரேக் என்று வாய்க்கும் கண்ணுக்கும் தெரிந்தால் போதாது, காலுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

எளிதாக இல்லை. சும்மா ஊரும்போது கால் ஒழுங்காகப் போனது. ஹாரன் திடீரென்று கத்தினால் மட்டும் வலது பக்கம் தாவியது. தாவிய ஒவ்வொரு முறையும் ஹாரனின் கால் பக்கத்து சீட்டு பிரேக்கில் இறங்கியது. கார் நின்றதும் அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பரவாயில்லக்கா. மறுபடி எடுங்க."

பிரேக்கம்மா எத்தனை ஆயிரம் பேரிடம் அதைச் சொல்லியிருப்பார். மூச்சு விடுவது மாதிரி வாயில் வந்துகொண்டிருந்த வார்த்தை அது. வியர்த்த கையோடு ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தத் தையல்காரர், வங்கி மேனேஜர், பெயர் மறந்துபோன மற்றவர்கள் எல்லாம் ஏன் அவர் வீடு தேடி வந்து பழமும் மிட்டாயும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதும் தெரிந்தது.

இரண்டாவது வாரத்தில் ஹாரன் வேறொன்றைக் கண்டுபிடித்தார்.

"அக்கா, நான் கத்தினதும் ஒரு நொடி சும்மா இருக்கீங்க. அப்புறம்தான் மிதிக்கறீங்க. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

பிரேக்கம்மா மெதுவாக, "ஓட்டறவங்களுக்காக" என்றார்.

"ஓட்டறது நீங்கதான்."

பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பார்த்து ஹாரன் அடித்தவனெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிற காலம் என்றார். அந்தச் சுவர் பிழைத்ததற்கு உங்கள் கால் காரணமா என் ஹாரன் காரணமா என்று இதுவரை யாரும் விசாரிக்கவில்லை என்றார் ஹாரன்.

அன்றிலிருந்து அவர் கத்துவதை விட்டுவிட்டார். அதற்குப் பதில் வண்டிக்குக் குறுக்கே எதையாவது போட ஆள் வைத்தார். மெக்கானிக்கே தள்ளி நின்று காலி அட்டைப்பெட்டிகளைக் கார் முன்னால் உருட்டிப் போட்டார். மனைவி மேல் ஏதோ பழைய கோபம் இருப்பவர் போல மிகுந்த உற்சாகத்தோடு போட்டார். முதல் நாள் பல பெட்டிகள் நசுங்கின. கடைசி நாட்களில் ஒன்றும் நசுங்கவில்லை. பக்கத்து சீட்டில் ஹாரன் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார ஆரம்பித்தார்.

இரண்டாவது டெஸ்டுக்கு அதே ஆய்வாளர். சாப்பாட்டுப் பையைப் பின் சீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் முன்னால் ஏறினார். அவர் கால், பிரேக்கின் மேல் ஒரு காகித இடைவெளியில் மிதப்பதைப் பிரேக்கம்மா ஓரக் கண்ணால் பார்த்தார். கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நானிருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன் என்று தோன்றியது.

மூன்றாவது சுற்றில், பக்கத்துத் தடத்தில் மேடேறிக்கொண்டிருந்த யாரோ ஒரு மாணவரின் பழைய நெட்டை, கிளட்ச் நழுவிப் பின்னால் உருண்டு, கோட்டைத் தாண்டி நேராக இவர் வழியில் வந்தது. நினைக்க நேரமில்லை. வாயாடி வாயைத் திறந்து கத்துவதற்குள் வண்டி நின்றுவிட்டிருந்தது. நின்ற வண்டியில் உட்கார்ந்துதான் அவர் குனிந்து பார்த்தார். கால் இடது பெடலில் இருந்தது.

ஆய்வாளர் தன் இரண்டு காலையும் தூக்கிக் காட்டினார். "மேடம், என் காலுக்கு இன்னைக்கு லீவு" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கதவு மூடிய பிறகு பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அப்படி ஒரு காட்சியை ஐந்து கார்களிலும் அவர் பார்த்ததே இல்லை.

கேட்டுக்கு வெளியே மெக்கானிக்கும் ஹாரனும் நின்றுகொண்டிருந்தார்கள். பிரேக்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஹாரனுக்குத் தெரிந்துவிட்டது. மெக்கானிக் வழக்கம் போல வண்டியை வீட்டுக்கு ஓட்ட ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். மனைவி நகரவில்லை.

"அந்தப் பக்கம் ஏறுங்க. தம்பி, நீயும் பின்னாடி ஏறு."

"எனக்குக் கிளாஸ் இருக்குக்கா."

"கொஞ்சம் காத்திருக்கட்டும்."

ஏறினார்கள். மெக்கானிக் தன் காலடியில் தான் பொருத்திய பெடலைப் பார்த்தார். காலை அதற்கு எட்டாமல் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். வண்டி தெருக்களைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது. இரண்டு பள்ளிகளின் வண்டிகளும் திரும்புகிற இடம் அது. வகுப்பு அங்கே முடியும். அதற்கு மேல் போனால் அடுத்த மாணவருக்கு நேரமாகிவிடும். டப்பா முதல் வாயாடி வரை ஐந்து கார்களும் சேர்ந்து உலகத்தைப் பல சுற்று சுற்றுகிற தூரம் ஓடியிருக்கும். ஒன்றுகூட அந்தத் தொட்டியைத் தாண்டியதில்லை.

பிரேக்கம்மா வேகத்தைக் குறைக்கவில்லை.

"அக்கா, திரும்பணும்" என்றார் ஹாரன், பழக்க தோஷத்தில்.

"எதுக்கு?"

தொட்டி பின் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போயிற்று. மெக்கானிக் கேட்டார்: "எங்க போறோம்?"

"சும்மா" என்றார் பிரேக்கம்மா.